மேசையில் கீறலா? பாலிஷ் ஆளைக் கூப்பிடும் முன் இதைப் படியுங்கள்

மதுரையில் எங்கள் வீட்டில் அப்பா காலத்துத் தேக்கு மேசை ஒன்று இருக்கிறது. ஐந்தடிக்கு மூன்றடி. மகன் வீட்டுப்பாடம் எழுதும்போது காம்பஸ் முனை பட்டு நாலைந்து கீறல் விழுந்துவிட்டது. தீபாவளிக்குள் சரிசெய்துவிடலாம் என்று, தெருவில் பாலிஷ் வேலை கேட்டு வந்த ஒருவரிடம் ஒப்படைத்தேன். “கவலையே படாதீங்கக்கா, சாயங்காலம் கண்ணாடி மாதிரி ஆக்கித் தர்றேன்” என்றார். சதுர அடிக்கு 120 ரூபாய். மேல்பலகை 15 சதுர அடி, ஆக 1,800 என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

நான் அடுப்படியில் இருந்தபோது உப்புத்தாள் தேய்க்கும் மெஷின் சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் மேல்பலகை முழுக்க வெளுத்துக் கிடந்தது. கேட்டதற்கு, பழைய பாலிஷை எடுத்தால்தான் புதுசு பிடிக்கும் என்றார். அப்பா கை வைத்து எழுதி எழுதி மழமழவென்று ஆகியிருந்த இடமும் அதோடு போய்விட்டது. தூசியைக்கூடச் சரியாகத் துடைக்காமல், கீறலில் பழுப்பு மெழுகை அப்பி, மேலே கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு நிறத்தையும், லாக்கர் என்கிற பளபளப்புப் பூச்சையும் அடித்தார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

காசு கேட்கும்போது அடிப்பலகை, நான்கு கால்கள், சட்டம் எல்லாம் சேர்த்து 48 சதுர அடி, 5,760 ரூபாய் என்றார். அடிப்பலகையை அவர் தொடவே இல்லை. வாக்குவாதம் செய்து 4,500 கொடுத்து அனுப்பினேன். மறுவாரத்திலிருந்து போனை எடுப்பதில்லை.

பத்து நாளில் மேசை பல்லிளித்துவிட்டது. நகத்தால் சுரண்டினால் மெழுகு அடைத்த இடத்தில் லாக்கர் செதில் செதிலாக வருகிறது. ஈரக்காற்றில் அடித்ததால் அங்கங்கே வெள்ளை பூத்திருக்கிறது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், மர ரேகைக்குச் சம்பந்தமே இல்லாமல் சுருள் சுருளாக மெஷின் போட்ட கோடுகள். காம்பஸ் கீறல் நாலைந்துதான். இவை எண்ண முடியாத அளவு.

அப்புறம்தான் தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் மேசையை விட்டுவிட்டு, அதே காலத்து நாற்காலியின் கையைத் தடவினார். அதிலும் இரண்டு கீறல் உண்டு. “நகம் மாட்டுதா பாரும்மா” என்றார். மாட்டவில்லை. அப்படியென்றால் கீறல் பாலிஷில்தான், மரத்தில் இல்லை. கண்ணில் படாத ஒரு மூலையில் பஞ்சால் ஸ்பிரிட்டைத் தொட்டுவைத்தார், பிசுபிசுத்தது. அரக்குப் பாலிஷ் என்பதற்கு அதுதான் அடையாளமாம். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், அதனால் மேலே புதிதாகத் தடவும் அரக்கு பழையதோடு கலந்து ஒன்றாகிவிடும். சுரண்டி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

அவர் சொன்னபடி அந்த நாற்காலிக் கைக்கு நானே செய்தேன். ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பஞ்சை மெல்லிய பருத்தித் துணியில் பொதிந்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கில் லேசாக நனைத்து, ரேகை ஓடும் வாக்கில் நீளமாக ஒரே இழுப்பு. நடுவில் கை நின்றால் அங்கே துணி ஒட்டிக்கொண்டு தடம் விழும். மெல்லிசாக நான்கு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. இப்போது கீறல் எங்கே இருந்தது என்று நானே தேட வேண்டியிருக்கிறது. ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு, விளக்கு பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள்.

நகம் மாட்டும் அளவு ஆழமான கீறல் என்றால் ஆள் கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் என்ன பாலிஷ் அடிக்கப்போகிறார், மெஷின் போடுவாரா, எந்தெந்தப் பக்கத்தை அளப்பார் என்பதை முதலிலேயே கேட்டு, மொத்தத் தொகையைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிளைவுட்டின் மேல் வெனீர் ஒட்டிய சாமானாக இருந்தால் மெஷினை அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். மேலே இருக்கும் மரத்தோல் தாள் போல அவ்வளவு மெல்லிசு, ஒரு நிமிடத்தில் தேய்ந்து அடிப்பலகை தெரிந்துவிடும்.

எங்கள் மேசை முழுப்பலகை என்பதால் தப்பித்தது. லாக்கரை எடுத்துவிட்டு, கையாலேயே உப்புத்தாள் போட்டு மறுபடி அரக்கு ஏற்றலாம் என்கிறார் ஆசாரி. மழை விட்டு, பொங்கலுக்கு அப்புறம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.