1:9 பேரலில் 77 கிரெய்ன் போகுமா?

1:9 ட்விஸ்ட் .223 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா, 77 கிரெய்ன் குண்டு அதில் போகுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். 1:9 என்றால் பேரலின் உள்வரிகள் குண்டை ஒன்பது அங்குலத்துக்கு ஒருமுறை சுழற்றும்; பின்னெண் குறையக் குறையச் சுழற்சி வேகம். கிரெய்ன் என்பது குண்டின் எடை அலகு. போகும். ஆனால் எந்த ஊரில், எந்த மாதத்தில் சுடப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சியர்ரா நிறுவனத்தின் 69 கிரெய்ன் மேட்ச்கிங் குண்டு இந்தப் பேரலுக்கென்றே செய்தது போல ஓடுகிறது. 100 கஜத்தில் ஐந்து தோட்டாவும் ஒரு அங்குலத்துக்குள் விழும். வெயிலோ குளிரோ மாற்றமில்லை. ட்ரிகர், போல்ட் பற்றியும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எரிச்சல் 70 கிரெய்னைத் தாண்டியதும் ஆரம்பிக்கிறது. குண்டுப் பெட்டியில் எடையைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். ட்விஸ்ட் போதுமா என்பதைத் தீர்மானிக்கிற நீளத்தைப் பெரும்பாலும் போடுவதில்லை; நீளமான குண்டுக்குத்தான் வேகமான சுழற்சி வேண்டும். ஹார்னடியின் 75 கிரெய்ன் பிடிஹெச்பி (நுனியில் துளை, குறுகும் வால் உள்ள குண்டு) ஏறக்குறைய 0.98 அங்குலம். அதே 75 கிரெய்னில் வந்த பிளாஸ்டிக் நுனி ஏ-மேக்ஸ் சுமார் 1.1 அங்குலம். குண்டு சாயாமல் பறக்குமா என்பதை ஒரு நிலைப்பு எண்ணாகச் சொல்கிற மில்லர் சூத்திரத்தில், 59 டிகிரி ஃபாரன்ஹீட், கடல்மட்டம், விநாடிக்கு 2800 அடி வேகம் என்று வைத்தால் முன்னதற்கு 1:9ல் எண் 1.4, பின்னதற்கு 1.0. ஒன்று நேராகப் போகும், மற்றது காகிதத்தில் பக்கவாட்டில் மோதக்கூடும். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை நீள்வட்டமாகி, ஒரு ஓரத்தில் மட்டும் சாம்பல் நிறக் கறை இழுத்திருந்தால், குண்டு சாய்ந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் நுனிக்கு எடை குறைவு என்பதால் சூத்திரம் அதற்குக் கொஞ்சம் கடுமையாகவே மதிப்பெண் போடுகிறது. அதற்காக 1:9ல் அதை நம்பிவிட முடியாது.

77 மேட்ச்கிங் ஒரு அங்குலத்துக்கு மயிரிழை குறைவு. எண் 1.38 வரும். சியர்ரா 1:8 அல்லது அதைவிட வேகமான ட்விஸ்ட் கேட்பது இதனால்தான். எண் 1.5க்குச் சற்றுக் கீழே என்றால் குண்டு தலைகுப்புறப் புரளாது, ஆனால் பிசி (காற்றைக் கிழித்துப் போகும் திறனைக் காட்டும் எண்) கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதனால் 600 கஜத்தில் காற்றுத் தள்ளல் கணக்கு பிசகும். டென்வர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இதே குண்டு 1.6ஐத் தாண்டிவிடும். கடல்மட்டத்தில் 10 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர் என்றால் 1.25க்கு வந்துவிடும். அமெரிக்க ராணுவமே 1960களில் எம்16 பேரலை 1:14லிருந்து 1:12க்கு மாற்றியது குளிர்க்காற்றில் குண்டு தள்ளாடியதால்தான்.

வெடிமருந்தைக் கூட்டி வேகம் ஏற்றினால் சரியாகிவிடும் என்பவர்களை நம்பாதீர்கள். வேகத்தின் கனமூலம்தான் கணக்கில் வருகிறது. 100 அடி ஏற்றினால் கிடைப்பது ஒரு சதவீதச் சொச்சம். அழுத்தம்தான் வீணாக ஏறும்.

பேரலில் பொறித்திருக்கிற 1:9 நிஜமா என்பதையும் பாருங்கள். கைப்பிடியில் பேரிங் உள்ள கிளீனிங் ராடில் இறுக்கமான துணியைச் செருகி உள்ளே தள்ளி, ராடில் ஒரு கோடு போடுங்கள். மெதுவாக இழுத்து, கோடு ஒரு முழுச் சுற்று சுற்றி மேலே வரும்வரை ராட் நகர்ந்த தூரத்தை அளந்து பாருங்கள். இரண்டு மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். 9.25 அங்குலம் வந்தால் 77க்கான எண் 1.31 ஆகிவிடும். குண்டின் நீளத்தை வேர்னியர் காலிப்பரில் நீங்களே அளந்துகொள்ளுங்கள், அதே பெட்டியில் நாலைந்து எடுத்து.

80 கிரெய்ன் பேச்சே வேண்டாம். இந்தப் பேரலுக்கு அது நீளம், மேகசினுக்கும் நீளம். ஒவ்வொன்றாகக் கையால்தான் ஏற்ற வேண்டும்.

இவ்வளவு துல்லியமான ரைபிளைக் குறை சொல்வது நியாயமில்லைதான். இருந்தாலும் நண்பருக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். தள்ளுபடியில் மிச்சமாகும் பணம் இரண்டு பெட்டி 77 வாங்கிச் சோதிப்பதிலேயே போய்விடும். அவர் சுடுவது கடற்கரையோர ரேஞ்சில், ஜனவரியில். 1:8 பேரலுக்குக் காத்திருக்கட்டும்.