கோடை ஆய்வு: எந்த வாசல், எந்த ஆய்வகம்?

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவர் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்துக்குள் நுழைய உள்நாட்டில் மூன்று வாசல்கள்: இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகை, பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தின் கோடைத் திட்டம், பேராசிரியருக்கு நேரடி மின்னஞ்சல்.

முதலிரண்டும் இரண்டு மாதம், உதவித்தொகை உண்டு. பெரும்பாலும் முந்தைய ஆண்டு முடிவதற்குள்ளேயே விண்ணப்பிக்க வேண்டும். மார்ச்சில் விழித்தால் ஒன்றும் மிஞ்சாது. கழகங்களின் திட்டத்தில் ஒரே விண்ணப்பம் நாடு முழுக்கச் செல்லும். ஆனால் யாரிடம் ஒதுக்கப்படுவீர்கள் என்பது உங்கள் கையில் இல்லை. உயிரியல் என்ற பெயரில் சூழலியல் ஆய்வகமும் வரலாம். அதனால்தான் அவர்கள் கேட்கும் சிறு குறிப்புரை முக்கியம். 'மரபணுவியலில் ஆர்வம்' என்று எழுதினால் யார் கண்ணிலும் படாது. எந்தக் கேள்வி, எந்த முறை என்று எழுதுங்கள். மின்னஞ்சல் வழியில் ஆய்வகத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், ஆனால் பெரும்பாலும் பணம் கிடையாது, தங்குமிடமும் உங்கள் பாடு. மதிப்பெண் சுமாராக இருந்தால் இதுவே நல்ல வழி.

வெளிநாட்டில் ஒரு பொறி உண்டு. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்.ஈ.யூ. (இளநிலை மாணவர் ஆய்வுத் திட்டம்) இடங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்போருக்கும் மட்டுமே. அமெரிக்காவிலேயே உள்ள கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் 10 வாரத் திட்டம் (1959 முதல் நடக்கிறது) அப்படியல்ல. வியன்னா பயோசென்டர் கோடைப் பள்ளியும் எல்லா நாட்டவருக்கும் திறந்தது. ஆனால் அது ஜூலை, ஆகஸ்டில் நடப்பது. நம் கல்லூரிகள் ஜூனிலேயே திறந்துவிடும். 75 சதவீத வருகைப்பதிவு அடிபடாமலிருக்க, முதல்வரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

வாசலைவிட முக்கியம், உள்ளே எந்த உயிரியில் வேலை என்பது. கையில் இருப்பது எட்டு வாரம், அதாவது 56 நாள்.

ஈஸ்ட் இந்தக் கணக்குக்கு மிகப் பொருத்தம். 30 டிகிரியில் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். பி.சி.ஆர். முறையில் பெருக்கிய டி.என்.ஏ. துண்டு ஒன்றை, அதன் இரு முனையிலும் 40 கார இணைகள் (டி.என்.ஏ.வின் எழுத்து இணைகள்) மரபணுவின் இருபுறத்தோடும் ஒத்திருக்கும்படி செய்து செலுத்தினால், அந்த மரபணுவை நீக்கலாம். 2-3 நாளில் காலனி (ஒரே செல்லிலிருந்து பெருகிய திட்டு) வரும். காலனி வந்ததுமே மரபணு போய்விட்டது என்று நம்பக் கூடாது. துண்டு வேறிடத்தில் ஒட்டியிருக்கலாம். காலனியிலிருந்தே பி.சி.ஆர். செய்து, துண்டு குரோமோசோமோடு சேரும் இரு முனைகளையும் சரிபார்த்தே அடுத்த வேலை. ஒருமுறை சொதப்பினாலும் திரும்பச் செய்ய நாளிருக்கும்.

பழ ஈ 25 டிகிரியில் 10 நாளுக்கு ஒரு தலைமுறை, ஆக ஐந்து தலைமுறை. கேட்க நன்றாக இருக்கிறது. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த பெண் ஈக்களை, இணைசேருமுன், 8 மணி நேரத்துக்குள் பிரிக்கத் தவறினால் அந்தக் கலப்பு வீண், பத்து நாள் போச்சு. ஞாயிறும் போக வேண்டியிருக்கும்.

மனித செல் வளர்ப்பில் டிரான்ஸ்ஃபெக்‌ஷன் (செல்லுக்குள் டி.என்.ஏ.வைச் செலுத்துவது) முடிவு 48 மணி நேரத்தில் தெரியும். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா புகுந்தால் கண்ணுக்குத் தெரியாமலே தரவு கெடும். ஒரு புரதத்தைக் கண்டறிய உதவும் ஆன்டிபாடியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், வந்து சேரவே பல வாரம் ஆகலாம்.

அராபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வுச் செடிக்கு விதையிலிருந்து விதைக்கு 6-8 வாரம். புதிய மரபணு மாற்றம் செய்யும் திட்டம் என்றால் தவிர்த்துவிடுங்கள். தயாராக உள்ள விதைகளில் நாற்றின் வேர் நீளம் அளப்பது என்றால் ஒரு வாரத்தில் தரவு வரும். எலி வேண்டாம். கணினி அலசல் ஆய்வுக்கட்டுரை வரை போகலாம், ஆனால் பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொள்ள மாட்டீர்கள்.

'வருகிறேன்' என்று பதில் போடுமுன் மூன்று கேள்விகள்: பிளாஸ்மிடும் (மரபணுவைச் சுமக்கும் வட்ட டி.என்.ஏ.) பிரைமரும் (பி.சி.ஆரைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) தயாரா? தினமும் பக்கத்தில் நின்று சொல்லித்தருவது யார்? அப்படிச் சொல்லித்தரும் ஆராய்ச்சி மாணவர் ஜூனில் விடுப்பில் போகிறாரா?