அகமது வால்வா, ஆரோலேபின் ‘ஆடி’யா: கண்ணில் குழாய் வைத்தபின் நீர் வடியும் கணக்கு

கண் அழுத்த நோய்க்கு (கிளாக்கோமா), நீர் வடிய டிராபெகுலெக்டமி அறுவை செய்து திறந்த வழி வடுவால் மூடிப்போனாலும், சர்க்கரை நோயால் கண்ணுக்குள் புது ரத்தக்குழாய்கள் படர்ந்து அழுத்தம் ஏறினாலும், அடுத்து டாக்டர் சொல்வது, கண்ணுக்குள் தேங்கும் நீரை வெளியே வடிக்கும் குழாய் வைப்பதை. எதை வைப்பது என்று வரும்போது நம் ஊரில் அதிகம் காதில் விழும் பெயர்கள் இரண்டு. ஒன்று, 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அகமது வால்வு. மற்றது, மதுரை ஆரோலேப் நிறுவனம் 2013இல் கொண்டுவந்த ஏ.ஏ.டி.ஐ. (ஆரோலேப் அக்வஸ் டிரெய்னேஜ் இம்பிளான்ட்); இங்கே ‘ஆடி’ என்றே எழுதுகிறோம். ஆடியின் வடிவம் பேர்வெல்ட் 350 என்ற முந்தைய கருவியை ஒட்டியது. அகமதுவைவிட விலை பல மடங்கு குறைவு. விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் உண்டு. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: முதல் இரண்டு மாதத்தில் இந்த நோயாளியால் எத்தனை முறை பரிசோதனைக்கு வர முடியும்?

சேர்வராயன் மலைத் தண்ணீர் வந்து நிற்கும் மூக்கனேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு வித்தியாசத்தைச் சொல்வது சுலபம். கலிங்கில் ஒரு மட்டத்தைத் தாண்டிய நீர்தான் வழியும். மதகைத் திறந்துவிட்டால் ஏரியே காலியாகும். அகமது கலிங்கு மாதிரி. ஆடி மதகு மாதிரி.

கண்ணுக்குள் நிமிடத்துக்கு 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர் நீர் சுரக்கிறது. கருவிழிக்கு (கார்னியா) பின்னால் உள்ள முன்னறையில் நிற்பது கால் மில்லிதான். இரண்டு கருவிகளிலும் சிலிக்கான் குழாயின் உள்விட்டம் சுமார் 0.3 மி.மீ. பார்வைக்கு ஊசித்துளை, ஆனால் இவ்வளவு மெல்லிய ஓட்டத்துக்கு அது பெரிய வாய்க்கால், தடையே கிடையாது. திறந்த குழாயை அப்படியே வைத்தால் முன்னறை வற்றி, ஐரிஸ் என்ற நிறப்படலம் போய்க் கருவிழியில் ஒட்டும். தடையைத் தர வேண்டியது, குழாயின் மறுமுனையில் வெள்ளைவிழிமேல் தைத்திருக்கும் தட்டைச் சுற்றி உடல் கட்டும் நார்ப்பை. அந்தச் சுவர் வழியாகக் கசியும் நீரைச் சுற்றியுள்ள நுண் ரத்தக்குழாய்கள் எடுத்துக்கொள்ளும். பை உருவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அழுத்தத்தை யார் பிடித்து வைப்பது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

அகமதுவில் வால்வு பிடிக்கிறது. இரண்டு மெல்லிய சவ்வுகள் இறுக்கி வைத்த நிலையில் இருக்கும். அழுத்தம் 8 முதல் 12 மி.மீ. பாதரசத்தைத் தாண்டும்போது திறக்கும்படி வடிவமைத்தது. அறுவை முடிந்த அன்றே அழுத்தம் இறங்கும். 50க்கு மேல் ஏறி வலியில் துடிக்கும் கண்ணுக்கு இதன் மதிப்பு பெரிது. தவறுவது எங்கே? கிருமி நீக்கத்தில் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பொருத்துவதற்கு முன் குழாய்க்குள் உப்புக்கரைசலைச் செலுத்தி, தட்டின் மேல் நீர் பீறிடுவதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். இதை விட்டால் முதல் நாளே அழுத்தம் இறங்காது. வால்வு இருக்கும் பெட்டியை இடுக்கியால் பிடித்தால் சவ்வு கெடும். குழாய் நுழையும் வழியை 23ஆம் எண் ஊசியால் போட வேண்டும். அதைவிடத் தடித்த ஊசி போட்டால் குழாயின் ஓரமாகக் கசிந்து, வால்வு சரியாக இருந்தும் கண் தளர்ந்துபோகும்.

அகமதுவின் பெரிய குறை பின்னால் வருகிறது. முதல் நாளிலிருந்தே நீர் போய்ச் சேர்வதால், அதிலுள்ள அழற்சிப் பொருள்கள் பையின் சுவரைத் தடிக்க வைக்கின்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் அழுத்தம் மறுபடி 21க்கு மேல் ஏறும் கட்டம் பலருக்கும் வரும். “ஆபரேஷன் வீணாகிவிட்டது” என்று குடும்பம் சோர்ந்துபோவது இந்த நேரத்தில்தான். வீணாகவில்லை. நீர் சுரப்பைக் குறைக்கும் சொட்டு மருந்தைச் சீக்கிரமே திரும்பத் தொடங்கினால் பலருக்கு அடங்கும்.

ஆடியில் வால்வே இல்லை. அறுவையின்போதே குழாயைத் தானே கரையும் நூலால், பெரும்பாலும் 6-0 அல்லது 7-0 விக்ரிலால், இறுகக் கட்டுகிறார்கள். கட்டியபின் உப்புக்கரைசலைச் செலுத்தி ஒரு சொட்டும் தாண்டவில்லை என்று உறுதி செய்வது அவசியம். இதனால் முதல் ஐந்தாறு வாரம் குழாய் இருந்தும் இல்லாத மாதிரிதான். பழைய சொட்டு மருந்துகளை நிறுத்தவே கூடாது. அசெட்டசோலமைடு மாத்திரையும் தேவைப்படலாம். சிறுநீரகக் கோளாறோ கல்லோ உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இடைக்கால வழியாக, கட்டுக்கும் கருவிழிக்கும் நடுவே குழாயில் ஊசியால் சிறு கீறல்கள் போடுவதுண்டு. அவை எவ்வளவு விடும், எத்தனை நாள் விடும் என்பது கண்ணுக்குக் கண் மாறும். சிலர் குழாய்க்குள் ஒரு நூலையும் செருகி வைத்து, கட்டு கரைந்தபின் தேவையானபோது உருவி எடுக்கிறார்கள். மதகை ஒரேயடியாகத் திறக்காமல் இரண்டு கட்டமாகத் திறப்பது போல.

கட்டு கரையும் வாரம்தான் ஆடியின் ஆபத்தான வாரம். காலையில் 28 இருந்த அழுத்தம் மறுநாள் 6க்கு வரலாம். பார்வை மங்குவது, புருவத்தில் மந்தமான வலி, ஓரத்தில் கருநிழல் ஆகியவை அறிகுறிகள். விழித்திரைக்கு அடியிலுள்ள கோராய்டு படலம் நீர் கோத்து எழும்பியிருக்கலாம். ரத்தமே கசிந்தால் பார்வை போகும். அன்றைக்கே அழுத்தம் குறைக்கும் மருந்துகளை நிறுத்தி, ஸ்டீராய்டும் அட்ரோபினும் கூட்ட வேண்டியிருக்கும். ஐந்தாம் வாரமும் ஆறாம் வாரமும் பரிசோதனையைத் தவறவிடுபவர், கரைந்தபின்னும் பழைய மருந்துகளையே போட்டுக்கொண்டிருப்பார். சரிவு ஆழமாவதற்கு அதுவே போதும்.

இத்தனைக்கும் பிறகு ஏன் ஆடி? தட்டின் பரப்பு. அகமது 184 சதுர மி.மீ., ஆடி 350. பரப்பு கூடினால் கசிய இடம் கூடும். ஆடியின் முன்மாதிரியான பேர்வெல்ட் 350ஐ அகமதுவோடு ஒப்பிட்ட இரண்டு பெரிய ஆய்வுகள் உண்டு. 276 பேரைக் கொண்ட ஏ.பி.சி. ஆய்வில் ஐந்தாம் ஆண்டு சராசரி அழுத்தம் அகமதுவில் 14.7, பேர்வெல்டில் 12.7. 238 பேரைக் கொண்ட ஏ.வி.பி. ஆய்வில் 16.6, 13.6. இரண்டிலும் பேர்வெல்டுக்குச் சொட்டு மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கித் தோற்ற கண்கள் மட்டும் பேர்வெல்ட் பக்கம்தான் அதிகம். பார்வை நரம்பு மிச்சம் குறைவாக உள்ளவருக்கு இரண்டு மூன்று புள்ளி சின்ன விஷயமல்ல. ஆனால் பெரிய தட்டின் இறக்கைகள் கண்ணசைக்கும் தசைகளுக்கு அடியில் போவதால், சிலருக்கு இரட்டைப் பார்வை வரும்.

எங்கள் சாய்வு இது: வயது குறைவு, குறைந்த அழுத்தம் நெடுங்காலம் வேண்டும், தவறாமல் வருவார் என்றால் ஆடி. அழுத்தம் உடனே இறங்கியாக வேண்டும், அல்லது யுவெயிட்டிஸ் என்ற உள்கண் அழற்சியால் நீர் சுரப்பே தளர்ந்த கண் என்றால் அகமது. குழாய்மேல் போர்த்தும் தானத் திசு காலப்போக்கில் மெலிந்து குழாய் வெளியே தெரிவது இரண்டுக்கும் பொது. உறுத்தலோடு சிவப்போ பீளையோ வந்தால் அன்றே வந்து காட்ட வேண்டும்.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாகச் சில. ஆடி வைப்பதானால், ஐந்து முதல் ஏழாம் வாரம் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களிலோ, மழையில் மலைப்பாதை சரியும் ஐப்பசி கார்த்திகையிலோ விழாமல் தேதி வாங்குங்கள். 20 கொண்டை ஊசி வளைவில் வாந்தி வருபவர்கள், கண் தளர்ந்திருக்கும் நாட்களில் வாந்தி முக்கலே கோராய்டில் ரத்தம் கசியக் காரணமாகலாம் என்பதை மறக்கக் கூடாது. வாந்தி மாத்திரையையும் டாக்டரிடம் கேட்டே எடுக்க வேண்டும். சில மாத்திரைகள், நீர் வடியும் கோணம் குறுகிய கண்ணுக்கு ஆகாது.

மலை ஏறுவதால் மட்டும் குழாய் வைத்த கண்ணுக்குக் கேடு இல்லை. வற்றிய முன்னறையை நிரப்ப வாயு செலுத்தியிருந்தால் கதை வேறு. சேலத்திலிருந்து ஏற்காடு 1,200 மீட்டருக்கு மேல் உயரம். ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடும் அந்த உயரத்தில் வாயு சுமார் 15 சதவீதம் விரியப் பார்க்கும், கண் அழுத்தம் விறுவிறுவென ஏறும். ஊருக்கு அனுப்பும்போதே “கண்ணில் வாயு வைத்திருக்கிறீர்களா?” என்று கேளுங்கள். வைத்திருந்தால், அது முழுதும் கரைந்தது என்று டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை கீழே உறவினர் வீட்டில் தங்குங்கள்.