ஈட்டிங் டிஸார்டர் ட்ரீட்மெண்ட்: தெரபிஸ்டா, ரெகவரி கோச்சா, வீட்டு ஆளுங்களா?

ஈட்டிங் டிஸார்டர்னா சாப்பிடுற விதமே தாறுமாறா போற மனநோய், ரெகவரி கோச்னா அதுல இருந்து மீள தினசரி வாழ்க்கையில கூட நிக்கிற ஆள். "தெரபிஸ்ட் இருக்காங்களே, அப்புறம் எதுக்கு ரெகவரி கோச்?"னு கேக்குறவங்க இருக்காங்க. "கோச் கிடைச்சாச்சு, இனி தெரபி வேணாம்"னு நிறுத்துறவங்களும் இருக்காங்க. ரெண்டாவது ஆளுங்கள நினைச்சாதான் எனக்கு பயம், அதனால யாரு என்ன செய்வாங்கன்னு பாத்துடலாம்.

முதல்ல தெரபிஸ்ட். படிச்சு லைசன்ஸ் வாங்கினவங்க, அவங்க கையில ஆராய்ச்சியில சோதிச்சுப் பாத்த முறைகள் இருக்கு. ஆக்ஸ்ஃபோர்டுல கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் உருவாக்கின சிபிடி-ஈ (யோசனையையும் பழக்கத்தையும் மாத்துற பேச்சு சிகிச்சை) அதுல ஒண்ணு, எடை ரொம்பக் குறையாதவங்களுக்கு 20 வாரத்துல 20 செஷன், குறைஞ்சவங்களுக்கு 40 வரைக்கும் போகும். அதுல ஆரம்பத்துலயே வர்ற முக்கியமான வேலை மூணு வேளை சாப்பாடு, நடுவுல ரெண்டு மூணு ஸ்நாக், பசிக்குதோ இல்லையோ நேரத்துக்கு சாப்பிடணும். செஷன்ல உக்காந்து கேக்குறப்ப எல்லாம் சரின்னுதான் தோணும். ஆனா செஷன் வாரத்துல ஒண்ணு, ஆரம்பத்துல ரெண்டு, அவ்ளோதான், மிச்ச எல்லா வேளையும் தட்டு முன்னாடி உக்காந்திருக்குறது நீங்க மட்டும்தான்.

அந்த இடத்துக்குத்தான் கோச். ராத்திரி சாப்பாட்டு நேரம், வீடியோ கால்ல கோச்சும் தன் தட்டோட உக்காந்திருக்காங்க, நீங்க சாப்பாட்டை சின்னச் சின்னதா பிச்சு தட்டோட ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டே இருக்கீங்க, அவங்க அதைப் பாத்துட்டு திட்டாம "இப்ப மனசுல என்ன ஓடுது, சொல்லிக்கிட்டே அடுத்த வாய் எடுங்க"ங்குறாங்க. தட்டு காலியான உடனே வீடியோ காலை கட் பண்றதும் கிடையாது. புலிமியா, அதாவது நிறைய சாப்பிட்டுட்டு அதை வாந்தி மாதிரி வழியில வெளியேத்துற நோய், இருக்குறவங்களுக்கு சாப்பாட்டை விட அதுக்கு அப்புறம் வர்ற நேரம்தான் கஷ்டம், வாந்தி எடுக்கணும்ங்குற அந்த உந்துதல் ஏறி உச்சிக்குப் போய் தானா இறங்குற வரைக்கும் கூட ஒரு ஆள் பேசிக்கிட்டு இருக்கணும். கடைக்குப் போறது, ஹோட்டல்ல மெனு பாத்து ஆர்டர் பண்றது, பத்தாம போன பழைய டிரஸ்ஸை அலமாரியில இருந்து எடுத்து ஒதுக்குறதுன்னு இதுல எல்லாம் கூட நிப்பாங்க. வாரத்துல ஒரு செஷனை வச்சுக்கிட்டு தெரபிஸ்டால இவ்வளவும் செய்ய முடியாது.

ஆனா ஒண்ணு, கோச் வேலைக்கு லைசன்ஸ்னு ஒண்ணு பொதுவா கிடையாது, யார் வேணா நாளைக்கே "நான் கோச்"னு போர்டு மாட்டலாம். ட்ரெய்னிங் இல்லாம இல்ல, எடை ஏறிடுமோன்னு பயந்து பட்டினி கிடக்குற அனோரெக்ஸியா நோயில இருந்து தானே மீண்டு வந்து தெரபிஸ்ட் ஆன கரோலின் காஸ்டின் கோச்சுகளுக்குன்னே ஒரு இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சாங்க. ஆனா அப்படி ட்ரெய்னிங் எடுத்துதான் ஆகணும்னு கட்டாயம் இல்ல. நிறைய கோச்சுங்க தாங்களே இந்த நோயைத் தாண்டி வந்தவங்க, அதுதான் அவங்க பலம், உங்க தலைக்குள்ள ஓடுற பேச்சு அவங்களுக்கு அத்துப்படி. அதே விஷயம் ஆபத்தாவும் ஆகும். முழுசா குணமாகாத ஒருத்தர் உங்க முன்னாடி உக்காந்து தன்னோட பழைய எடை, எத்தனை கலோரி சாப்பிட்டேன்னு நம்பர் சொல்ல ஆரம்பிச்சா, நோயில இருக்குற மனசு உடனே அதோட போட்டி போடும். அப்படி ஒருத்தர் கிடைச்சா தயவு செஞ்சு வேற ஆள் பாருங்க.

உடம்பு விஷயத்துல டாக்டருக்கு மாத்தே கிடையாது. அடிக்கடி வாந்தி எடுத்தா பொட்டாசியம் குறைஞ்சு இதயத்துடிப்பு தாறுமாறா போகலாம். ரொம்ப நாள் பட்டினி கிடந்தவங்க திடீர்னு நிறைய சாப்பிட ஆரம்பிச்சா ரத்தத்துல பாஸ்ஃபேட் சட்டுனு இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், ரீஃபீடிங் சிண்ட்ரோம்னு சொல்றது இதைத்தான். இது பாக்குறதுக்குத் தெரியாது, எடை நார்மலா இருக்குறவங்களுக்கும் வரலாம், ரத்த டெஸ்ட்லதான் தெரியும். பக்கத்துல உக்காந்து தைரியம் சொல்ற கோச் எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் அவங்களால இதைக் கண்டுபிடிக்க முடியாது. எதை எவ்வளவு சாப்பிடணும்னு ப்ளான் போட டயட்டீஷியன், போட்ட ப்ளானை சாப்பிட வைக்க கோச், அந்தப் பிரிவு தெளிவா இருந்தா போதும்.

டீன் ஏஜ் பிள்ளைங்கன்னா என் கணக்கே வேற. 1980கள்ல லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில இருந்து வளர்ந்த குடும்ப சிகிச்சையில, அனோரெக்ஸியா இருக்குற பிள்ளையோட சாப்பாட்டுப் பொறுப்பை மொதல்ல அப்பா அம்மாவே முழுசா கையில எடுப்பாங்க, எடை தேறத் தேற கொஞ்சம் கொஞ்சமா பிள்ளைகிட்ட திருப்பிக் குடுப்பாங்க. வீட்டுல யார் தப்புன்னு தேடுற வேலையே அதுல இல்ல, எனக்கு ரொம்பப் பிடிச்சதும் அதுதான். அம்மா பக்கத்துல உக்காந்து ஊட்டாத குறையா சாப்பிட வைக்கிற வீட்டுல கோச் அவ்வளவா தேவைப்படாது. ஆனா வீட்டுல தினமும் சண்டை, இல்ல பெத்தவங்களே டயட், எடைன்னு பேசிக்கிட்டு இருக்காங்கன்னா வெளி ஆளோட உதவி பெருசு.

பெரியவங்களுக்கு, கையில இருக்குற காசு ஒண்ணுக்குத்தான் பத்தும்னா நான் டாக்டர், தெரபிஸ்ட் பக்கம்தான் சொல்லுவேன், யோசிக்கவே மாட்டேன். ஆஸ்பத்திரியில இருந்து டிஸ்சார்ஜ் ஆகி, அங்க நர்ஸ் கூட இருந்து சாப்பிட வச்ச மாதிரி வீட்டுல யாரும் இல்லாம தடுமாறுற நேரமா இருந்தா, தெரபியோட சேத்து கோச்சையும் வச்சுக்கோங்க, அந்த காசு வீண் போகாது. மொதல் பேச்சுலயே "என் தெரபிஸ்ட் கூட பேசுவீங்களா, நான் மோசமானா யாருக்கு சொல்லுவீங்க, நீங்க குணமாகி எவ்வளவு நாள் ஆச்சு"ன்னு கேட்டுடுங்க. தெரபிஸ்ட் கூட பேச மாட்டேன்னு சொல்ற கோச்சுக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க.