சட்டகமா, பலகை வாதமா? அறிவியல் வாதம் எழுதப் பழக்கும் இரண்டு வழிகள்

வடசென்னையில் தண்டையார்பேட்டையிலோ எர்ணாவூரிலோ ஏழாம் வகுப்பில் போய் "அடிபம்புத் தண்ணீர் கடினநீரா?" என்று கேளுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஆமாம் என்பார்கள். எழுதச் சொன்னால் "நுரை வரவில்லை, ஆகவே கடினநீர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நடுவில் வரவேண்டிய விளக்கத்தைக் காணோம். கடினநீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்பைக் கரையாத திரிவாக மாற்றிவிடுகின்றன. அவை தீரும்வரை நுரைக்கச் சோப்பு மிஞ்சாது. இந்த விளக்கத்தைப் பிள்ளையின் கையால் எழுத வைக்கிறதா என்பதை வைத்துத்தான் ஒரு முறையை எடைபோட வேண்டும்.

சட்டகம், பலகை வாதம் என்ற இரண்டு முறைக்கும் சோதனை ஒன்றே. ஒரு கிராம் குளியல் சோப்பைத் துருவி, 100 மி.லி. வெதுவெதுப்பான பேட்டரி வாட்டரில் (உப்பு நீக்கிய நீர்; பேட்டரி அமிலம் அல்ல) கரையுங்கள். குழாய்த் தண்ணீரில் கரைத்தால் அங்கேயே திரிந்துவிடும். சலவைக் கட்டி வேண்டாம். அவற்றில் பல டிடர்ஜென்ட், கடினநீரிலும் நன்றாக நுரைத்து முடிவையே புரட்டிவிடும். மூடியுள்ள சிறு பாட்டில்களில் அடிபம்புத் தண்ணீர், லாரித் தண்ணீர், பேட்டரி வாட்டர் மூன்றும் தனித்தனியே 20 மி.லி. எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சால் அரை மி.லி. சோப்புநீர் விட்டு, மூடி, பத்து முறை குலுக்க வேண்டும். நுரை ஒரு நிமிடம் நிற்கும்வரை இதைத் தொடர்ந்து, மொத்தம் எத்தனை மி.லி. செலவானது என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு நீரிலும் மூன்று தடவை.

முதல் முறை, கூற்று–சான்று–காரணம் என்ற மூன்று கட்டச் சட்டகம். இதன் வேர், தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் 1958-ல் முன்வைத்த வாத அமைப்பு. அதை நடுநிலை வகுப்புகளுக்கு எளிமையாக்கிப் பரப்பியதில் அறிவியல் கல்வி ஆய்வாளர்கள் மெக்நீல், கிராஜ்சிக் இருவருக்கும் பெரும்பங்கு உண்டு. நாற்பது நிமிடப் பீரியடில் அடங்கும்; நாற்பது நோட்டையும் ஆசிரியர் ஓரளவு வேகமாகத் திருத்திவிடலாம். ஆறாம் வகுப்புக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

குறை மூன்றாவது கட்டத்தில். பெரும்பாலான பிள்ளைகள் சான்றையே வேறு சொற்களில் திருப்பி எழுதுவார்கள்:

"காரணம்: அடிபம்புத் தண்ணீருக்கு 6 மி.லி. ஆனது, லாரித் தண்ணீருக்கு 2 மி.லி.தான் ஆனது."

இது காரணமல்ல, சான்றேதான். கட்டத்துக்கு மேலே "சோப்புக்கு என்ன ஆனது? இந்த எண் அதைக் காட்டுவது எப்படி?" என்று இரண்டு கேள்விகளை அச்சடித்தால் பாதிச் சிக்கல் தீரும். மீதிப் பாதிக்குக் காரணம், பிள்ளைக்கு எதிராளி யாரும் இல்லாததுதான். கேட்பதற்கு ஆளில்லாமல் ஏன் விளக்க வேண்டும்?

அந்த எதிராளியைக் கொடுப்பது இரண்டாவது முறை. அறிவியல் கல்வி ஆய்வாளர் விக்டர் சாம்ப்சனும் சகாக்களும் உருவாக்கிய, வாதத்தை மையமாக வைத்த தேடல் முறை இது; நாம் பலகை வாதம் என்போம். ஐந்து பேர் கொண்ட குழு கேள்வி, கூற்று, சான்று, நியாயம் நான்கையும் ஒரு பலகையில் எழுதும். சார்ட் பேப்பரே போதும். ஒருவர் பலகையருகே நிற்க, மற்ற நால்வரும் அடுத்த குழுவின் பலகைக்குப் போய்க் கேள்வி கேட்பார்கள். ஆறு நிமிடத்துக்கு ஒரு சுற்று, மூன்று சுற்று. பிறகு தனித்தனியே அறிக்கை எழுதி, பெயர் மறைத்து ஒருவர் அறிக்கையை மற்றவர் திருத்தி, மறுபடி எழுத வேண்டும்.

"பாட்டில்ல பழைய சோப்பு ஒட்டினு இருந்தா?" என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், பலகையருகே நிற்பவர் பேட்டரி வாட்டரை எதற்கு வைத்தோம் என்பதைத் தானே கண்டுபிடிப்பார். இந்த அழுத்தம் சட்டகத்தில் வராது. ஆனால் குறைந்தது ஐந்து பீரியட் தின்னும். அதைவிடப் பெரிய ஆபத்து, வாயாடிகள் பேச மற்றவர்கள் ஒதுங்கிவிடுவது. நேரமில்லை என்று திருத்தும் கட்டத்தை வெட்டினால் பேச்சு மட்டும் வளரும், எழுத்து அப்படியே நிற்கும். பலர் வெட்டுவது அதைத்தான்.

எங்கள் தேர்வு: ஆறிலும் ஏழிலும் சட்டகம், பருவத்துக்கு ஒரே ஒரு பலகை வாதம். எழுத்தில் எதிராளியைக் கொண்டுவர, தாளிலேயே போட்டிக் கூற்றை அச்சடித்துக் கொடுங்கள்: "அடிபம்புத் தண்ணீரில் கடல்நீர் கலந்திருக்கிறது." சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது தெரிந்த சங்கதி என்பதால் பிள்ளைகள் இதை உடனே நம்புவார்கள். சோப்புச் சோதனை இதை நிரூபிக்காது. கடினத்தன்மை மண்ணிலும் பாறையிலும் இருந்தும் வரும். எட்டாம் வகுப்பில் சில்வர் நைட்ரேட் விட்டு, கடல்நீரில் மிகுந்திருக்கும் குளோரைடைப் பார்க்கலாம். வெண்மையான வீழ்படிவு வந்தாலும் வழக்கு முடியாது, சாக்கடை நீரிலும் குளோரைடு உண்டு. கடற்கரையிலிருந்து வெவ்வேறு தூரத்தில் இருக்கும் நான்கைந்து பம்புகளின் தண்ணீரைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் வாதம் நகரும். பலகை வாதத்துக்கு ஒதுக்கிய ஐந்து பீரியடை இந்தக் கேள்விக்கே செலவிடுங்கள்.