கண்ணுக்கு ஒன்று, கிரெப்புக்கு இரண்டு

இரண்டு பெரிய தமிழ்ச் சொற்பட்டியல்களை ஒப்பிட லினக்ஸ் கட்டளைகளே போதுமா, வேறு மென்பொருளைத் தேட வேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். சொற்களைத் தேடும் கிரெப், இரு கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் டிஃப், பொதுவான வரிகளையும் தனித்த வரிகளையும் பிரித்துக் காட்டும் காம் ஆகிய மூன்று கட்டளைகளையும் பல ஆண்டுகளாகத் தமிழ்க் கோப்புகளில் பயன்படுத்தி வருவதால், அவருக்குரிய பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1973இல் கென் தாம்சன் லினக்ஸின் முன்னோடியான யூனிக்சுக்குத் தந்த கிரெப்பின் வேகத்தைப் பற்றி இனி யாரும் சான்று கூறத் தேவையில்லை. நான் பெரிதும் மதிப்பது அதன் மற்றொரு பயன்பாட்டை. ஒரு பட்டியலின் வரிகளையே தேடுசொற்களாகக் கொடுத்து, அவற்றில் எதனோடும் பொருந்தாத வரிகளை மட்டும் மற்றப் பட்டியலிலிருந்து எடுத்துத் தரச் சொல்லலாம். கட்டளையோடு பெரிய எஃப், எக்ஸ், வி, சிறிய எஃப் என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளை விருப்பத்தெரிவுகளாகச் சேர்த்தால் வேலை முடிந்துவிடும். காம் கட்டளையும் இதைச் செய்யும். ஆனால் இரண்டு கோப்புகளையும் ஒரே மொழி அமைப்பில் முன்னதாகவே வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். கிரெப்புக்கு அந்தத் தேவையில்லை. முழு வரியும் பொருந்த வேண்டும் என்று சொல்லும் எக்ஸை மட்டும் விட்டுவிடக் கூடாது: விட்டால் ‘கல்’ என்ற சொல் ‘கல்வி’யையும் சேர்த்து நீக்கிவிடும், தேடுபட்டியலில் ஒரே ஒரு வெற்று வரி இருந்தாலும் அது எல்லா வரிகளோடும் பொருந்திவிடும்.

இவ்வளவு நேர்த்தியான கருவி, தமிழின் ஒகர ஓகாரங்களில் வந்து தடுக்கி விழுவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எழுத்துகளுக்குக் குறியீட்டெண் தரும் உலகத் தரமான யூனிகோடில் ‘கொ’ என்பதை இரு வகையாக எழுதலாம். ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தால் அக்குறியீடுகளைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆறு பைட்டுகள். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தால் ஒன்பது பைட்டுகள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோட் தரமும் அவற்றைச் சமமானவை என்றே வரையறுக்கிறது. கிரெப்புக்கோ அவை வேறு வேறு. ஒரு வடிவைத் தேடும்போது கோப்பில் மற்ற வடிவு இருந்தால், கிரெப் சத்தமில்லாமல் ஒன்று என்ற வெளியேற்றக் குறியீட்டை, அதாவது தேடலின் விளைவைச் சொல்லும் எண்ணை, திருப்பித் தந்துவிட்டு முடிந்துவிடுகிறது. சொல் உண்மையிலேயே இல்லாதபோதும் அதே ஒன்றுதான். டிஃப் பரவாயில்லை, இரண்டு வரிகளையும் கீழ்மேலாக அச்சிட்டுக் காட்டும். ஆனால் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது.

பைட்டுகளை உள்ளது உள்ளபடியே ஒப்பிட வேண்டிய பணிகள் உண்டு என்பதையும், அங்கே இந்தக் கண்டிப்புதான் சரி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே என்று சொல்லக் கிரெப்பிலும் டிஃப்பிலும் ஒரு விருப்பத்தெரிவு இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே என்று சொல்ல ஒன்றும் இல்லை. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

ஐசியு என்னும் யூனிகோட் மென்பொருள் தொகுப்பிலுள்ள யூகான்வ் கட்டளையால் இரு கோப்புகளையும் முதலில் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது சமமான குறியீடுகளை ஒரே வகையாக்கும் யூனிகோட் வடிவத்துக்கு, மாற்றிக்கொண்டால் ஒகர ஓகாரச் சிக்கல் தீரும். ஆனால் ‘கௌ’ என்பதைக் ‘கெ’, ‘ள’ என்று தட்டச்சு செய்திருந்தால் அதை என்எஃப்சி தொடாது. சொல்லுக்கு நடுவே ஒளிந்திருக்கும் அகலமற்ற இணைப்பு நீக்கிகளையும், அதாவது எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தடுக்கும் கண்ணுக்குத் தெரியாத குறிகளையும், தொடாது. இவற்றுக்கு, உரையை விதிப்படி மாற்றும் செட் (sed) கட்டளையில் தனி விதிகள் எழுதி வைத்திருக்கிறேன். புதிய கோப்பு வரும்போதெல்லாம் அந்த விதிகளோடு இன்னொன்று சேர்கிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: பட்டியல்கள் இரண்டும் ஒரே விசைப்பலகையில் உருவானவை என்றால் கிரெப்பை விடச் சிறந்தது எதுவும் எனக்குத் தெரியாது. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்டவையும் கலந்திருந்தால், இன்றைய மனநிலையில் இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் நாளைக்கும் நான் பயன்படுத்தப் போவது கிரெப்பைத்தான்.