நங்கநல்லூர்ல பென்ஷனும் மாத்திரையும்: இந்த தடவை ஊருக்கு போய் பார்த்தது

நியூஜெர்சில இருந்து ஊருக்கு வர்ற எங்கள மாதிரி ஆளுங்ககிட்ட அபார்ட்மெண்ட் பெரியவங்க கேக்குறது ரெண்டு விஷயம்தான், லைஃப் சர்டிஃபிகேட்ட (பென்ஷன்காரர் உயிரோட இருக்கார்ங்கிறதுக்கான சான்று) போன்லயே போட முடியுமா, மாத்திரை செலவு எந்த இன்சூரன்ஸ்ல வரும். முதல் கேள்விக்கு நல்ல பதில் இருக்கு. ரெண்டாவதுலதான் மனசு கஷ்டமா போச்சு.

அப்பா பொதுப்பணித்துறைல ரிட்டையர் ஆனவர். ஸ்டேட் பென்ஷன்காரங்களுக்கு இதுக்காக வருஷா வருஷம் நேர்காணல் உண்டு, முன்னாடி ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள எல்லாரும் ஒண்ணா போய் நிப்பாங்க, இப்ப அவங்கவங்க ரிட்டையர் ஆன மாசத்துல பண்ணா போதும் (சென்ட்ரல் ஆளுங்களுக்கு நவம்பர், 80 தாண்டினவங்க அக்டோபர்லயே பண்ணலாம்). அப்பாவுக்கு விரல் ரேகை தேஞ்சு போச்சு, மெஷின்ல பிடிக்கவே மாட்டேங்குது, அதனால ஜீவன் பிரமான் ஆப்பும் ஆதார் ஃபேஸ் ஆர்டி ஆப்பும் போன்ல போட்டு, ஜன்னல் வெளிச்சத்துல உக்கார வச்சு முகத்த காட்டி கண்ண சிமிட்ட சொன்னேன், முடிஞ்சுது. ஆதார் நம்பர், பிபிஓ (பென்ஷன் ஆர்டர்) நம்பர், பென்ஷன் வர்ற அக்கவுண்ட் நம்பர் கையில வச்சுக்கோங்க. போன் பழக்கம் இல்லாதவங்களுக்கு போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு பண்ணித் தர்றார், படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு இது எவ்ளோ பெரிய உதவின்னு சொல்லி மாளாது.

மாத்திரைக்கு வருவோம். ஸ்டேட் பென்ஷன்காரங்களுக்கான இன்சூரன்ஸுக்கு மாசாமாசம் பணம் பிடிக்கிறாங்க, 5 லட்சம் வரைக்கும் கவர், ஆனா ஆஸ்பத்திரில அட்மிட் ஆகி பார்க்குற வைத்தியத்துக்குத்தான் அது. சுகர், பிரஷர்னு தினம் முழுங்குறதுக்கு அதுல ஒண்ணும் வராது, மெடிக்கல் அலவன்ஸ்னு பென்ஷனோட 300 ரூபா வரும், அவ்ளோதான். 70 வயசு தாண்டினவங்களுக்குன்னு 2024 அக்டோபர்ல ஆரம்பிச்ச ஆயுஷ்மான் (மத்திய அரசு இன்சூரன்ஸ்) 5 லட்சமும் அட்மிஷனுக்குத்தான். பெரியப்பா ஐசிஎஃப்ல (ரயில் பெட்டி தொழிற்சாலை) வேலை பார்த்தவர், அவர் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரிக்கு போய் மாத்திரை வாங்கிட்டு வந்துடுறார். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் அதே சுகர்தான், ஒருத்தர் மட்டும் கைக்காச போட்டு வாங்கணும்னா என்ன நியாயம், எனக்கு மனசே ஆறல.

அதனால அப்பாவோட டாக்டர்கிட்ட சீட்டுல பிராண்டோட மருந்து பேரையும் எழுதித் தரச் சொன்னோம். அத எடுத்துக்கிட்டு பிராண்ட் இல்லாத ஜெனரிக் மருந்த குறைஞ்ச விலைக்கு விக்கிற முதல்வர் மருந்தகத்துக்கும் (ஸ்டேட்டோடது, 2025 பிப்ரவரில 1000 கடை திறந்தாங்க) மக்கள் மருந்தகத்துக்கும் (சென்ட்ரலோடது) போனோம், டெல்மிசார்டன், மெட்ஃபார்மின், அடோர்வாஸ்டாடின் மாதிரி வழக்கமானது எல்லாம் கிடைச்சுது, பில்லு பாதிக்கும் கீழ வந்துடுச்சு. தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாம இருக்க சாப்பிடுறது, இதெல்லாம் மட்டும் டாக்டர கேக்காம பிராண்ட் மாத்தாதீங்க. கார்ப்பரேஷன் ஆரம்ப சுகாதார நிலையத்துல சுகர், பிரஷர் மாத்திரை இலவசம், நடமாட முடியாதவங்களுக்கு 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே கொண்டு வந்து தர்றாங்க. எங்க அபார்ட்மெண்ட்ல பல பேர் அங்க போக கூச்சப்படுறாங்க. எதுக்குங்க கூச்சம், வாழ்நாள் முழுக்க நீங்க கட்டின வரிப்பணம்தானே அது.

அமெரிக்கால வேலை பார்த்துட்டு இங்கயே வந்து செட்டில் ஆன ஒரு மாமா, மெடிகேர (அமெரிக்க அரசு பெரியவங்களுக்கு தர்ற ஹெல்த் இன்சூரன்ஸ்) இங்க காட்டலாமான்னு கேட்டார். அமெரிக்காவுக்கு வெளிய பார்த்த வைத்தியத்துக்கு மெடிகேர் பெரும்பாலும் தராது மாமா, இங்க வாங்குற மாத்திரைக்கு பார்ட் டி (மெடிகேர்ல மாத்திரைக்கான பகுதி) சுத்தமா கிடையாதுன்னு சொன்னேன். அதே பார்ட் டில 2025ல வருஷத்துக்கு 2000 டாலருக்கு மேல நம்ம கையில இருந்து போகாதுன்னு ஒரு வரம்பு கொண்டு வந்தாங்க, நம்ம ஊர் பென்ஷன்காரங்களுக்கும் மாத்திரை செலவுக்கு அப்படி ஒரு வரம்பு கண்டிப்பா வேணும்.

இன்னொண்ணு, ஸ்டேட்டோ சென்ட்ரலோ, 80 வயசு ஆனா அடிப்படை பென்ஷன்ல 20 சதவீதம் கூடும். கணவர் போனப்புறம் ஃபேமிலி பென்ஷன் வாங்குற அம்மாக்களுக்கும் உண்டு, ஆனா ரெக்கார்டுல அவங்க பிறந்த தேதி ஏறியிருக்கணும். மாடி வீட்டு பாட்டியோட பிபிஓல அந்த இடம் காலியா கிடந்துது, வயசுக்கு ஆதாரம் சேர்த்து மனு கொடுத்திருக்கோம். உங்க வீட்டு பிபிஓவயும் எடுத்து அம்மாவோட பிறந்த தேதி இருக்கான்னு பாருங்க, அப்பா இருக்கும்போதே சரி பண்றது ரொம்ப சுலபம்.